காப்பித்தூள் வாசனை

1985 தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. அம்மாவும் நானும் தேக்காவில் சேலை எடுத்துக்கொண்டு, செம்பவாங் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து வீடு திரும்பினோம். குவார்ட்டர்ஸ் படிக்கட்டில் ஏறும்போதே கருகல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் எங்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். திறந்துகொண்டு உள்ளே ஓடினால், அடுப்பில் வைத்த பால் வற்றி, பாத்திரத்தின் அடி கரியாகி, சமையலறை முழுக்கப் புகை. அடுப்பிலிருந்து நான்கு எட்டுத் தள்ளி, அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, அண்ணன் தமிழ் முரசு படித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "பாலைப் பாத்துக்கடான்னு சொல்லிட்டுத்தானே போனேன். மூக்கு இல்லையாடா உனக்கு?"

அம்மா வாயிலிருந்து அன்று தற்செயலாக வந்த வார்த்தைதான் உண்மை. அதை ஒரு மருத்துவர் எங்களுக்குச் சொல்ல இன்னும் 19 வருடம் ஆனது.

அப்பா நேவல்பேஸ் ஆள். பிரிட்டிஷ் கடற்படைத் தளம் செம்பவாங்கில் 1938இல் திறக்கப்பட்டது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயர் வைத்த அந்தப் பெரிய உலர்துறையில் கப்பல் துருவைச் சுரண்டுவதுதான் அப்பாவின் முதல் வேலை. 1968இல் பட்டறை செம்பவாங் ஷிப்யார்டாக மாறியபோதும், 1971இல் வெள்ளைக்காரர்கள் போனபோதும் அப்பாவின் சங்கு மட்டும் மாறவில்லை. காலையில் அது ஊதினால் கான்பரா ரோட்டுப் பக்கம் முழுவதும் எழுந்துவிடும். மால்டா, ஜிப்ரால்டர், வெலிங்டன் என்று உலகத்து ஊர்ப் பெயரெல்லாம் எங்கள் தெருக்களுக்கு உண்டு. பச்சை உடுப்பும் வெள்ளை உடுப்பும் எங்கள் கண்ணுக்குப் பழகியவை. அதனால் 1982இல் அண்ணனுக்குத் தேசிய சேவைக் கடிதம் வந்தபோது வீட்டில் யாரும் அழவில்லை. அப்பா அவரை முகாம் வாசல் வரை கொண்டுபோய் விட்டு, வரும் வழியில் காப்பிக்கடையில் எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தாராம்.

அடுத்த வருடம் ஆகஸ்ட் மாதம் இரவுப் பயிற்சியில் அவர் ஏறியிருந்த த்ரீ டன்னர் லாரி வாய்க்காலில் சாய்ந்தது. பின்பக்கம் உட்கார்ந்திருந்த அண்ணன் தூக்கியெறியப்பட்டுத் தலை மோதி விழுந்தார். நினைவு திரும்பப் பத்து நிமிடம் ஆனது என்றான் ஒரு நண்பன், அரை மணி நேரம் என்றான் இன்னொருவன். வலது காதுக்குப் பின்னால் ஏழு தையல். ஒன்பது நாள் மருத்துவமனை. பத்தாம் நாள் நடந்தே வீட்டுக்கு வந்தார், சிரித்தார், அம்மா வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டார். கொஞ்ச நாள் மருத்துவ விடுப்பு, பிறகு ஸ்டோரில் லேசான வேலை, 1984இல் ஆர்ஓடி ஆகி வெளியே வந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம்.

அன்று கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் 15 என்று ஓர் எண் இருந்தது. அதன் பொருளைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் டீஸ்டேலும் ஜென்னெட்டும் 1974இல் வகுத்த அளவுகோல் அது. கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கைகால் அசைக்கிறாரா என்று பார்த்து மூன்றிலிருந்து பதினைந்துக்குள் ஓர் எண் போடுவார்கள். பதினைந்து என்றால் முழு மதிப்பெண். விழித்திருக்கிறார் என்பதை அது சொல்லும். அடுப்பை அணைத்தோமா என்று அவருக்கு ஞாபகம் இருக்குமா, சம்பளத் தேதியில் மேற்பார்வையாளரிடம் சண்டை போடாமல் இருப்பாரா என்பதையெல்லாம் அந்த எண்ணிடம் கேட்க முடியாது.

அடிபடுவதற்கு முன்பு அண்ணன் கலகலப்பான ஆள். அப்பாவைப் போல நடந்து காட்டுவார். கேரம் பலகையில் அவரை ஜெயிக்க அந்த வரிசையில் ஆள் கிடையாது. திரும்பி வந்தவர் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தார். கேட்டதையே மூன்று தடவை கேட்டார். ஷிப்யார்டு சங்கு ஊதினால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்வார். ஒரு நாள் ரசத்தில் புளி போதவில்லை என்று தட்டை வீசினார். அரை மணி நேரம் கழித்து அம்மா காலடியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். மூன்று வருடத்தில் ஆறு வேலை. "நாலு வேலை சொன்னா முதல் வேலையைச் செஞ்சிட்டு அப்படியே நிக்கிறாம்மா" என்றார் ஒரு முதலாளி; நல்ல மனிதர், குறையாகக்கூடச் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் அவ்வளவு நல்லவர்களாக இல்லை. பட்டாளத்துக்குப் போய்க் கெட்டுவிட்டான் என்றார்கள், சோம்பேறி என்றார்கள், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள். பெண் பார்க்கும் பேச்சு இரண்டு இடத்தில் நின்றுபோனது.

கான்பரா ரோட்டில் மரத்தடியில் அப்போது இருந்த புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயிலுக்கு அம்மா மூன்று பங்குனி உத்திரம் பால்குடம் எடுத்தார். மூன்றாவது வருடம் அண்ணனையும் கூட்டிப் போனோம். உறுமி மேளம் தொடங்கியதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, சாலையோரம் வாந்தி எடுத்தார். அத்தனை பேர் முன்னால் அவமானமாக இருந்தது எனக்கு. வீட்டுக்கு வந்து, "சாமிக்குக்கூட அடங்க மாட்டீங்களா?" என்று கத்தினேன். அப்போது எனக்கு இருபது வயது. அந்த வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமானால் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

மருத்துவரிடம் போகாமலா இருந்தோம்? வருடத்துக்கு ஏழெட்டு முறை போனார். தலைவலி என்பார், பனடால் கொடுப்பார்கள். தூக்கம் இல்லை என்பார், தூக்க மாத்திரை கொடுப்பார்கள். ஒரு தனியார் நிபுணரிடம் நேரே போனதில் அப்பாவின் மாதச் சம்பளத்தில் பாதி கரைந்தது. "டென்ஷன்" என்று எழுதினார். இன்னோர் இடத்தில் குடிப்பழக்கம் என்று எழுதிவிட்டார்கள். அண்ணன் வாழ்க்கையில் ஒரு பீர்கூடக் குடித்ததில்லை. தடுமாறும் நடையைப் பார்த்து யாரோ ஊகித்தது, அப்படியே கோப்பில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு போன இடத்தில் எல்லாம் அந்த வார்த்தை அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

சிங்கப்பூரில் அரசாங்க மருத்துவமனை நிபுணரைச் சலுகைக் கட்டணத்தில் பார்க்க வேண்டுமென்றால் அப்போது பாலிகிளினிக்கிலிருந்து கடிதம் வேண்டியிருந்தது. கடிதம் இல்லாமல் போனால் முழுக் கட்டணம். ஒழுங்கான ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை எழுதுகிறவருக்குச் சில நிமிடங்களுக்குள் விஷயம் விளங்க வேண்டும். விளக்க வேண்டியவர் எங்கள் அண்ணன். மருத்துவர் முன்னால் அவர் அதிகாரி முன்னால் உட்காருவது போல முதுகை நிமிர்த்தி உட்காருவார். "எப்படி இருக்கீங்க?" என்றால் "ஓகே டாக்டர், நோ புரோப்ளம்" என்பார். முகாமில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால்தான் அறிந்தேன். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி அடிபட்டால், தன்னிடம் என்ன மாறிவிட்டது என்று பார்க்கும் திறனே குறைந்துபோகும். நோயைச் சொல்ல வேண்டிய இடத்திலேயே நோய். அப்படிப்பட்டவரை இருபது வருடம் தனியாக அனுப்பிவைத்தோம். இது எங்கள் குடும்பத்தின் தவறு.

2004இல் ஒரு நாள் எனக்கு விடுமுறை. அதனால் பாலிகிளினிக்குக்கு அண்ணனோடு நானும் போனேன். அண்ணனுக்கு ரத்தக் கொதிப்பு ஏறியிருந்தது. இளம் சீனப் பெண் மருத்துவர், வேலைக்கு வந்து அதிக நாள் ஆகியிருக்காது. உப்பு அதிகமா என்று கேட்டார். "சோத்துல உப்பை அள்ளிப் போடுவார் டாக்டர், சம்பாலும் தனியா வேணும்" என்று நான் முந்திக்கொண்டு புகார் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்து, ஏன் அங்கிள் என்றார்.

"ருசியே இல்ல."

"எப்போதிலிருந்து?"

அண்ணன் யோசித்தார். "ஆர்மியிலிருந்து."

மருத்துவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். தலையில் எப்போதாவது அடிபட்டிருக்கிறதா என்று கேட்டார். 21 வருடத்தில் முதன்முறையாக ஒருவர் கேட்ட கேள்வி அது. அண்ணன் வலது காதை மடக்கித் தழும்பைக் காட்டினார். நான் பேச ஆரம்பித்தேன். கருகிய பாலைச் சொன்னேன், சங்கைச் சொன்னேன், உறுமி மேளத்தைச் சொன்னேன். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவர் நிறுத்தச் சொல்லவில்லை. கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போயிற்று.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா சாமி படத்துக்குக் கீழே இருந்து கொங் குவான் பிஸ்கட் டின்னை எடுத்தார். எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், அப்பாவின் நேவல்பேஸ் பாஸ், அவற்றுக்கு அடியில் நான்காக மடித்த அந்த 1983 டிஸ்சார்ஜ் தாள். அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. பிள்ளை பெயர் இருந்ததால் பத்திரப்படுத்தினாராம். அந்தத் தாள் இல்லாவிட்டால் அடிபட்ட தேதியை எதை வைத்து நிரூபித்திருப்போம் என்று இன்றும் நினைப்பேன்.

சில மாதம் கழித்து டான் டோக் செங் வளாகத்தில், 1999இல் தொடங்கிய தேசிய நரம்பியல் கழகத்தில் முறை வந்தது. நிபுணர் அண்ணனைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு சிறு புட்டியை மூக்கருகே பிடித்தார். ஒன்றும் தெரியவில்லை என்றார் அண்ணன். இன்னொரு புட்டி. அதுவும் இல்லை. முதலாவது காப்பித்தூள், இரண்டாவது கிராம்பு. இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கே அந்தக் காப்பி மணம் வந்தது. மூக்கின் உச்சியில் சல்லடை போல ஓட்டை ஓட்டையாக ஓர் எலும்பு இருக்கிறது, அதன் வழியாகத்தான் வாசனை நரம்புகள் நூல் நூலாக மூளைக்குப் போகின்றன, தலை மோதி மூளை குலுங்கும்போது அந்த நூல்கள் அறுந்துபோகும் என்று வரைந்து காட்டினார். அதே குலுக்கலில் மூளையின் முன்பகுதியும் எலும்பில் உரசிக் காயப்படும். ஸ்கேனில் நெற்றிக்குப் பின்னால் பழைய வடு தெரிந்தது.

பிறகு உளவியலாளர் ஒருவர் மூன்று மணி நேரம் சோதித்தார். சொற்களை வாசித்துவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்வது, அட்டைகளைப் பிரித்து அடுக்குவது, கடிகாரம் வரைவது. அண்ணனின் அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. கேட்டதைப் பிடித்துவைப்பதும், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும், எழும் கோபத்தை நிறுத்துவதும்தான் அடிபட்டிருந்தன. மருத்துவர் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லி முடித்தார். அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்போ நான் சோம்பேறி இல்லையா?" என்று கேட்டார்.

மோல்மேன் ரோட்டு பஸ் நிறுத்தத்தில் மூன்று பஸ் போகும்வரை என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அண்ணன்தான் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

சிகிச்சை என்று ஊசி மருந்து எதுவும் கிடையாது. இத்தனை வருடம் கழித்து அறுந்தது ஒட்டாது. முதலில் பனடாலை நிறுத்தச் சொன்னார்கள். தினமும் வலி மாத்திரை விழுங்கினால் அந்த மாத்திரையாலேயே தலைவலி வருமாம். முதல் இரண்டு வாரம் வலியில் சுவரில் முட்டிக்கொண்டார், பிறகு மெல்லக் குறைந்தது. சட்டைப் பையில் ஒரு குறிப்பேடு, சொன்னதை அந்த இடத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அடுப்புப் பக்கத்தில் மணியடிக்கும் கடிகாரம். வெளியே போனால் காதடைப்பான். ஒரு நேரத்தில் ஒரு வேலை, அதை முடித்த பிறகு அடுத்தது. எங்களுக்கும் பாடம் சொன்னார்கள்: நாலு காரியத்தை ஒரே மூச்சில் ஏவாதீர்கள், கோபம் வந்தால் வாதாடாதீர்கள், அறையை விட்டு வெளியே வாருங்கள். மண்டாய் பக்கம் ஒரு செடித் தோட்டத்தில் வேலை கிடைத்தது. சத்தம் இல்லாத இடம். ஆறு வேலை நிலைக்காதவர் அங்கே பதினான்கு வருடம் இருந்தார்.

2008இல் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் அம்மாவின் ஊருக்குப் போனேன். அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா, மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நீலகிரி வெலிங்டனில்தான் பயிற்சி. எங்கள் பேட்டையிலும் வெலிங்டன் உண்டு என்று என் சிறு வயதில் நான் சொன்னால் நம்ப மாட்டார். 1987 ஜூலை இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனார். கண்ணிவெடியில் முன்னால் போன வண்டி சிதறியது. மாமாவுக்கு ஒரு காது போனது, மண்டைத் தோலுக்குக் கீழே இரும்புத் துண்டு தங்கியது. 1990 மார்ச்சில் படை திரும்பியது. அந்தப் போரில் இந்தியத் தரப்பில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். தமிழன் போய்த் தமிழன் மண்ணில் சண்டை போட்டதை ஊரில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மாமா அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்களும், எந்தப் பக்கமும் இல்லாமல் வன்னியில் ஷெல்லடியில் சிக்கியவர்களும் அதே மாதிரி இரும்பைத் தலையில் சுமந்துகொண்டு இருக்கிறார்கள். அவர்களிடம் யார் கேட்கிறார்கள் என்பதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

மாமா வீட்டுத் திண்ணையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அத்தையிடம் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டார். எனக்கு அடிவயிறு கலங்கியது.

இந்தியாவில் முன்னாள் படைவீரர்களுக்கு 2003 ஏப்ரலில் ஈசிஹெச்எஸ் என்ற மருத்துவத் திட்டம் வந்தது. மாமாவிடம் அட்டை இருந்தது. அங்கேயும் முதலில் பாலிகிளினிக், அங்கே எழுதும் ரெஃபரல் சீட்டைக் கொண்டுதான் பெரிய மருத்துவமனை. இரண்டு நாட்டில் ஒரே பெயரில் ஒரே கதவு. "போறப்பல்லாம் சக்கரை மாத்திரை குடுக்குறாங்க ஆத்தா, வாங்கிட்டு வந்துடுவேன்" என்றார். வெடியைச் சொன்னீர்களா என்று கேட்டேன். "அவங்க கேக்கல. நான் எதுக்குச் சொல்லணும்?"

அமெரிக்காவில் ஈராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் திரும்பி வந்து படைவீரர் மருத்துவமனைக்கு வருகிறவர்களிடம் 2007 முதல் இதைக் கேட்டே ஆக வேண்டும் என்று வைத்தார்கள். வெடியருகே இருந்தீர்களா, உடனே நினைவு தப்பியதா, அதற்குப் பிறகு என்ன தொல்லை தொடங்கியது, இப்போதும் இருக்கிறதா? படித்ததிலிருந்து அது என் மனத்தில் பதிந்திருந்தது. திண்ணையில் உட்கார்ந்து அதே கேள்விகளை மாமாவிடம் கேட்டேன், அத்தையிடமும் கேட்டேன். அத்தை சொன்னதுதான் அதிகம். ஒரு முழுத்தாளில் தமிழில் எழுதினேன், உறவுக்காரப் பையன் ஒருவன் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தான். அடுத்த வாரம் அத்தை கூடப் போனார். மூன்றாவது முறை போனபோது சீட்டுக் கிடைத்தது. தலையில் இரும்பு இருப்பதால் காந்த ஸ்கேன் எடுக்க முடியாது என்று வேறு ஸ்கேன் எடுத்தார்கள். இரவில் மாமாவுக்கு வரும் உதறல் கெட்ட கனவு என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். அது வலிப்பு. மாத்திரையில் நின்றது. வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் மூளை அறுவைத் துறை தொடங்கிய மாநிலம் அது. அடுத்த வருடமே சென்னையில் டாக்டர் ராமமூர்த்தி தொடங்கினார். மருத்துவம் இல்லாத ஊரில் மாமா இருபது வருடம் அவதிப்படவில்லை. அவருக்கும் மருத்துவத்துக்கும் நடுவில் எழுதப்படாத ஒரு தாள் கிடந்தது.

மாமா 2016இல் காலமானார். அம்மா அதற்கு அடுத்த வருடம். அந்த பிஸ்கட் டின் இப்போது என்னிடம்.

இப்போது செம்பவாங்கிலேயே, புக்கிட் கான்பராவில், பாலிகிளினிக் வந்துவிட்டது. அண்ணனுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. ரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு நாங்கள் இருவரும் நடந்தே போகிறோம். முடித்துவிட்டுக் கீழே உணவங்காடியில் காப்பி குடிப்போம். கோப்பையை முகத்தருகே கொண்டுபோய் அவர் ஒரு நொடி நிறுத்துவார். இத்தனை வருடம் கழித்தும் நிறுத்துகிறார். பிறகு குடிப்பார்.

தேசிய சேவை செய்தவர்கள் இந்நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேல். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். முகாமில், வண்டியில், திடலில் எப்போதாவது தலையில் அடிபட்டதா என்று அவரிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் ஒரு தாளை எடுத்து எழுதுங்கள்: எந்த வருடம், எதில் அடிபட்டது, எவ்வளவு நேரம் நினைவில்லை, அதற்கு முன்பு எப்படி இருந்தார், பின்பு வீட்டில் இருப்பவர்கள் என்ன மாற்றம் பார்த்தார்கள். வாசனை தெரிகிறதா என்பதையும் எழுதுங்கள். பழைய டிஸ்சார்ஜ் தாள் இருந்தால் கூட வைத்துக்கொள்ளுங்கள். அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். மருத்துவர் அறைக்குள் நீங்களும் போங்கள். "ஓகே டாக்டர்" என்று அவர் சொன்ன பிறகு, அந்தத் தாளை மேசைமேல் வையுங்கள்.